பாலத்துக்கு வடக்கே மூன்றாவது கம்பம்

மகனே,

உறையை ஒட்டாமல்தான் இதை அனுப்புகிறேன். வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே ஆபீசில் கடிதம் எழுதியே பிழைத்தவன் நான், ஒரு நாளும் உறையை ஒட்டாமல் அனுப்பியதில்லை. உன் அம்மா சமையல் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, புள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தகப்பன் எழுதினால் அது புத்திமதியாகத்தானே இருக்கும். ஆமாம் என்றேன். "உங்ககிட்ட இருந்தாத்தானே குடுக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஆறு வருஷமாக அவள் என்னிடம் பேசுவது இப்படித்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திண்டிவனத்து மல்லாட்டை மண்டியிலிருந்து, வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போன மாதம் நீ எழுதிய கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. "நைனா, நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அது விளையாட்டுதான்னு நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பொண்ணு வீட்ல சொல்லிடுங்க. பச்சையம்மாளுக்கு உண்மை தெரியாம தாலி கட்ட எனக்கு மனசு வரல" என்று எழுதியிருந்தாய். நான் போன புதன்கிழமை ஓமந்தூருக்கு, பெண் வீட்டுக்குப் போய்வந்தேன். போய் என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால் கடைசியில் வாய் திறந்துவிடும் என்று பார்க்கிறேன். இதை உன்னோடு சேர்ந்து யாரும் படிக்கலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்குப் பத்து வயது இருக்கும். விழுப்புரத்தில் எங்கள் ஆபீசுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார், தண்டவாளப் பாதையை மேற்பார்வை பார்க்கும் இன்ஸ்பெக்டர். அவருடைய ஊர் சீமையில் மேற்கே, பொட்டலும் பாறையுமாக இருக்குமாம். அங்கே பொழுதுபோகாதவர்கள் ஒரு பெட்டிக்குள் சின்ன நோட்டும் ஒரு முத்திரையும் வைத்து, பாறை இடுக்கில் ஒளித்துவிட்டு, அது இருக்கும் இடத்துக்கு ஒரு குறிப்பு எழுதி மற்றவர்களிடம் கொடுப்பார்களாம். குறிப்பைப் படித்துத் தேடிக் கண்டுபிடித்தவன் தன் முத்திரையை அந்த நோட்டில் பதித்து, பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொண்டு, இருந்தபடியே மூடிவிட்டு வந்துவிட வேண்டும். அதற்குத் தபால் பெட்டி என்றே பேராம். நம் துரை ஒரு புகையிலை டப்பாவை மயிலம் மலையடிவாரத்துப் பாறையில் ஒளித்துவிட்டு, தன் சிநேகிதர்களுக்குக் கொடுக்கக் குறிப்பை நான்கு பிரதி எடுக்கச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரனும் அந்த வெயிலில் வரவில்லை. துரை வாராவாரம் போய் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். பிரதி எடுத்த எனக்கோ அந்தக் குறிப்பு மனசை விட்டுப் போகவே இல்லை. மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். முருகனையும் பார்த்தோம், அதில் பொய் இல்லை.

நான் அடி எண்ணிக்கொண்டே போய்த் தப்பான பாறையில் கையை விட்டுத் தேள் இருக்கிறதா என்று பயந்துகொண்டிருந்தேன். நீ போய் வேறு பாறையில் உட்கார்ந்து, "நைனா, தொர காலு நீட்டம். அவரு அடி வேற, உங்க அடி வேற" என்றாய். உனக்குக் கிடைத்துவிட்டது. நம்மிடம் முத்திரை இல்லை. நீ டப்பாவில் இருந்த மைப்பஞ்சில் கட்டைவிரலைத் தேய்த்து நோட்டில் வைத்துவிட்டாய். திங்கட்கிழமை துரை குழந்தைபோல ஆகிவிட்டார். இந்தச் சின்ன விரல் யாருடையது என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டார். நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை, அனுமதி இல்லாமல் டப்பாவைத் திறந்தவன் ஆயிற்றே. நான்காம் நாள் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு முத்திரை செதுக்கிக்கொள்ள ரப்பர்த் துண்டு கொடுத்தார். மூன்று நாள் கழித்துக்கூட ஓர் உண்மையைச் சொல்ல முடிந்தது எனக்கு அந்த ஒரே தடவைதான்.

உனக்குத் தவளை முத்திரை. எனக்கு நண்டு. நண்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "நேரா நடக்காத ஜென்மத்துக்கு இதான் சரி" என்று சிரித்தாள். அப்போது அவள் சிரித்துத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டப்பாதான். நான் ஒளித்தால் நீ தேடுவாய், நீ ஒளித்தால் நான் தேடுவேன். கண்டாச்சிபுரத்துப் பாறையில் ஒன்று, பேரணியில் ஒன்று. துரை சொன்ன சட்டங்களை என்னைவிட நீதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்: நோட்டில் பேர் எழுதக் கூடாது, முத்திரை மட்டும்தான், யாரும் பார்க்காதபோதுதான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. நான் எழுதும் குறிப்புகளைப் பார்த்துக் கேலி செய்வாய். "உங்க குறிப்புல ஒரு மரம் இல்ல, கெணறு இல்ல. எல்லாம் தந்திக் கம்பம், மைல் கல்லு. தண்டவாளத்தை விட்டு எறங்கவே மாட்டீங்களா?" என்பாய். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

திருவாமாத்தூரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா. ஆற்றங்கரை வேப்பமரத்து வேரில் நீ ஒளித்த டப்பாவை யாரோ பார்த்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து நாம் போனபோது டப்பாவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சுற்றிலும் கல் அடுக்கி, ஓர் அம்மாள் பிள்ளை வரம் கேட்டு விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த தவளை முத்திரையைத்தான் ஏதோ சக்கரம் என்று எண்ணிவிட்டார்கள். நீ, "ஆயா, அது எங்க டப்பா" என்று சொல்ல வாயெடுத்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொன்னால் நாலு பேர் திட்டுவார்கள் என்ற பயம். வழியெல்லாம் நீ, "பாவம் நைனா, அவங்க நெசம்னு நெனைச்சிக்கினு இருக்காங்க" என்று அழுதாய். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஒங்க டப்பாவுக்குப் பொங்கல் வெக்கப் போறாங்களாமே, எனக்கும் ஒரு படி அரிசி குடுத்தனுப்புங்க" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இனி எழுத வேண்டியதை நான் இதுவரை ஒரு தடவைகூட எழுதியது இல்லை. உலக யுத்தம் வந்து, துரை சண்டைக்குப் போய்விட்டார். நீ பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறினாய். மல்லாட்டை பிடுங்கும் சமயம் என்று உன் மாமன் உன்னைக் கண்டாச்சிபுரத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். நீ திரும்பி வரும்போது பரிசாக ஒரு புது டப்பா இருக்கட்டும் என்று பேரணிக்குப் பக்கத்து ஓடைப் பாலத்தண்டை போய் ஒளித்துவிட்டு வந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் என் நண்டைப் பதித்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, என் எழுத்து தெரியாதபடி ஒவ்வோர் எழுத்தையும் அச்சடித்ததுபோல் தனித்தனியாகக் குறிப்பை எழுதினேன். "பாலத்துக்கு வடக்கே மூன்றாவது கம்பத்தில் நில். தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டு. நாற்பத்திரண்டு அடி. இரட்டைப் பாறையின் இடுக்கில் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது எடு. வேலை முடிந்ததும் இருந்தபடியே மூடு." எனக்கு அது நம் விளையாட்டு. நீ ஆகஸ்ட் மாதம்தான் வந்தாய். வந்த அன்றைக்கே கொடுத்துவிட்டேன். வெள்ளைக்காரனே வெளியேறு என்று ஊரெல்லாம் கிளம்பி, அங்கே கம்பி அறுத்தார்கள், இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று எங்கள் ஆபீசுக்குத் தினமும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தச் செய்திகளை நானே நகல் எடுத்து மேலே அனுப்பினேன். அதே கையால் உனக்கு அந்தக் காகிதத்தையும் கொடுத்தேன். இரண்டும் என் மண்டையில் ஒரு நொடிகூட ஒன்றாகச் சேரவில்லை என்றால் நீ நம்புவாய், வேறு யார் நம்புவார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் ஆபீசுக்கு வந்து, பாலத்தண்டை உன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். போனால் நீ மூலையில் நின்றுகொண்டிருக்கிறாய், உதடு கிழிந்திருக்கிறது. பாம்பு இருந்தால் தட்ட என்று நீ கொண்டுபோன இரும்புக் கம்பி மேஜை மேல் இருக்கிறது. டப்பா திறந்து கிடக்கிறது. போலீஸ் இன்ஸ்பெக்டர் காகிதத்தை என் முன்னால் தள்ளி, "நீங்க ரயில்வே ஆளு. இந்தக் கம்பக் கணக்கு சரியான்னு சொல்லுங்க" என்றார். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டி உன்னிடம், "நண்டுன்றது யாரு? உங்க தலைவனா?" என்று கேட்டார். நண்டு அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. "தலைவன்லாம் இல்லீங்க சார். சும்மா வெச்சது. வெளையாட்டு" என்றாய். "வெளையாட்டுக்குப் பாலம்தான் கெடைச்சுதா? இத எழுதினது யாரு?" என்று அவர் மேஜையைத் தட்டினார். நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ சொல்லிவிட்டாய். "நான்தாங்க சார் எழுதினேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க பையன் எழுத்துதானா?" என்றார்.

நான் ஆமாங்க என்றேன்.

பயம், மகனே. வேறு ஒரு காரணமும் இல்லை. ரயில்வே சிப்பந்தி ஒருவனே பாலத்துக்குப் பக்கத்தில் இடம் குறித்துக் கொடுத்தான் என்றால் தூக்கில் போடுவார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன், இரண்டு அறை அறைந்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாலு மாதம் வைத்திருந்தார்கள். விசாரணை இல்லை, ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்கு வந்து, ஏதோ காகிதம் வைத்திருந்தானாம் என்று முனகினேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "எந்தக் காகிதம்? ரெண்டு நாளா உக்காந்து எழுதிக்கினு இருந்தீங்களே, அதுவா?" என்றாள். "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்று அவளை அடக்கினேன். அவள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, "நான் போய் சொல்றேன்" என்று கிளம்பினாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, நானும் உள்ளே போய்விட்டால் அவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அன்றிலிருந்து அவள் என்னோடு ஒரு கோயிலுக்கும் வந்ததில்லை.

முதல் தடவை உன்னைப் பார்க்க விட்டபோது, நான் பேச ஆரம்பிப்பதற்குள் நீயே கேட்டாய், "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று. இல்லை என்றேன். "சொல்லாதீங்க நைனா. அம்மா தாங்காது" என்றாய். இதற்காக உன்னை நான் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. நீ ஏன் அப்படிச் செய்தாய்? ஸ்டேஷனில் ஒரே ஒரு நொடி பொறுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனாலும் அந்த நொடியை நீ எனக்குக் கொடுக்கவில்லை. புத்திமதி என்று கேட்டால் இதுதான் என் புத்திமதி. பெண்டாட்டி தப்பு செய்தாலும் சரி, நாளைக்கு உன் பிள்ளை செய்தாலும் சரி, அவர்கள் பழியை நீ வாங்கிக்கொள்ளாதே. வாங்கிக்கொள்கிறவனுக்கு அது பெரிய மனசாகத் தெரியலாம். கொடுத்தவன் கெட்டுப்போவான். இதை உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

நீ வெளியே வந்த பிறகு எந்த வேலைக்கு எழுதிப் போட்டாலும் போலீஸ் காகிதம் முன்னால் போய் நின்றது. கடைசியில் மண்டியில் எடை போடும் இடத்தில் உட்கார்ந்தாய். நான் வாரம் தவறாமல் திண்டிவனம் வந்து, மூட்டைகளுக்கு நடுவில் உன்னோடு ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். இதைப் பற்றி நாம் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அப்புறம் சுதந்திரம் வந்தது. எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. பாலத்துக்கு வெடி வைக்கப் போன பிள்ளை என்று உன்னை மண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினார்கள். ஆளுயர மாலை. நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க. நான் தியாகியில்லீங்க" என்றாய். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று ஜனங்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நீ இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல உன்னைப் பெரிய ஆளாக்கிக்கொண்டே போனார்கள். நீ கூட்டத்தில் என்னைத் தேடினாய். மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீங்களாவது எழுந்து சொல்லுங்கள் என்று கேட்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் கை தட்டினேன்.

அந்த மேடையில் பார்த்துத்தான் ஓமந்தூர்க்காரர் உனக்குப் பெண் கொடுக்க வந்தார். உப்புக் காய்ச்சிச் சிறைக்குப் போனவர், பொய் தெரியாத மனுஷர். அவர் மகளைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ என்னிடம் எத்தனை நாளைக்கு அப்புறமோ சிரித்துப் பேசினாய். அவள் எட்டாவது படித்தவள், கணக்கு நன்றாகப் போடுகிறாள் என்றாய். அதனால் உன் கடிதம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண்ணை இழக்கவும் உனக்கு மனசில்லை, பொய்யை வைத்துக் கட்டிக்கொள்ளவும் மனசில்லை. ஆனால் உன் கடிதத்திலும் பார், விளையாட்டு என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். குறிப்பை யார் எழுதினார்கள் என்று சொல்லுங்கள் என்று எழுதவில்லை. அங்கேயும் எனக்கு ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறாய்.

புதன்கிழமை போனபோது அவர் களத்தில் மல்லாட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். பக்கத்துக் கொல்லைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, "இவருதான் பாலத்துக்காரரு அப்பா" என்று காட்டினார். நான் சொல்ல ஆரம்பித்தேன். டப்பா, நோட்டு, முத்திரை, துரை, எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்க புள்ளையும் இதையேதாங்க சொல்றாரு. வெளையாட்டுக்கா பதினாலு மாசம் உள்ள வெச்சான்? குடும்பமே இப்பிடி அடக்கமா இருக்கீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியமாக விளையாட்டுதாங்க என்றேன். "ஆவட்டும், ஆவட்டும். சம்பந்தி, பத்திரிகை அடிச்சாச்சி. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சி. இப்ப போயி பேஜாரு பண்ணாதீங்க" என்று சிரித்தார். நான் எவ்வளவு உண்மை சொன்னாலும் அவ்வளவும் உனக்குப் பெருமையாகவே போய்ச் சேர்ந்தது. மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பச்சையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றாள். அவள் அப்பா முகம் சுளித்தார். நான், கேளம்மா என்றேன். "ஒளிச்சி வெச்சவங்கதானே குறிப்பு எழுதறது?" என்றாள். ஆமாம் என்றேன். "அவரைக் கேட்டா, நான்தான் எழுதினேன்றாரு. அவரே எழுதியிருந்தா, அவரே ஏன் அதைத் தேடிக்கினு போவணும்?"

ஆறு வருஷத்தில் போலீஸ் கேட்கவில்லை, மாலை போட்டவர்கள் கேட்கவில்லை. உன் கணக்குப் போடும் பெண் கேட்டுவிட்டாள். களத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கும் அவளுக்கும் மட்டும் விளங்கியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மோர்ச் செம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல அவள் எனக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். நான் மோரைக் குடித்தேன். குடித்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். "பாத்துப் போங்க மாமா" என்றாள்.

திண்டிவனம் ஸ்டேஷனில் அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். உன் மண்டி அங்கிருந்து கூப்பிடு தூரம். வந்து உன்னைப் பார்க்கக் கால் வரவில்லை. அது விளையாட்டுதான் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே அத்தாட்சி நான்தான். தன் பிள்ளைக்காகக் குறிப்பு எழுதி, பிறகு அது பிள்ளையின் எழுத்து என்று சொன்னவன் நான் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் மட்டும்தான் அந்த ஓமந்தூர்க்காரர் நம்புவார். அப்படிப்பட்ட அவமானத்தை யாரும் அடக்கத்துக்காகக் கட்டிவிட மாட்டார்கள் அல்லவா. நம்பினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தியாகிக்குக் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷர். கல்யாணம் நின்றுபோகலாம். உனக்கு மேடை போட்டவர்களே உன்னை ஏமாற்றுக்காரன் என்று தூற்றலாம். சொல்லாவிட்டால் ஒரு விதமாக உன்னைக் கெடுக்கிறேன், சொன்னால் இன்னொரு விதமாகக் கெடுக்கிறேன். என்னால் உனக்கு ஒரு நல்லதும் செய்ய வழியில்லாமல் போய்விட்டது. நீ கேட்டதை மட்டுமாவது செய்யலாம் என்றுதான் கடைசியில் பட்டது.

எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. எழுதத்தான் வரும். அதனால் இன்று காலை ஒரு தபால் கார்டு வாங்கிப் பச்சையம்மாளுக்கு எழுதினேன். கார்டை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள், படிக்கட்டும். குறிப்பை எழுதியவன் நான், டப்பாவை வைத்தவன் நான், தேடிப் போனது மட்டும்தான் அவன், போலீஸ் கேட்டபோது என் எழுத்தை அவன் எழுத்து என்று சொன்னவனும் நான்தான் என்று எழுதினேன். அவன் உன்னிடம் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது, அதற்காக அவனைத் தண்டிக்காதே அம்மா என்றும் எழுதினேன். பெட்டியில் போட்ட பிறகு, கையை உள்ளே விட்டு எடுத்துவிட முடியுமா என்று முயற்சி செய்தேன். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை. முழங்கைவரை கூடப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சோறு வடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்கு அந்தக் கார்டு போய்ச் சேரும். நீ ஓடிப்போய் அதை மறைக்கப் பார்க்காதே. அவர்கள் என்ன முடிவு செய்தாலும் அவர்களோடு நேரில் உட்கார்ந்து கேட்டுக்கொள். பச்சையம்மாள் இனி எது கேட்டாலும் கேட்ட உடனே பதில் சொல்லிவிடு, ஒரு வாய் மோர் குடிக்கும் நேரம்கூடத் தள்ளிப்போடாதே. கல்யாணம் நடந்தால், அதற்கு நான் வரலாமா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும் என்று கார்டின் கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் அம்மா மட்டும் வருவாள். உன்னைக் கேட்டால் நீ வாங்க நைனா என்றுதான் எழுதுவாய். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை.

உன் நைனா